உப்பு, சுண்ணாம்பு, ஒரு மூச்சு

கத்தாளை மீனின் தலையைப் பிளந்து ஆய்ந்தவர்கள் அந்தக் கற்களை அறிவார்கள். மூளையை ஒட்டி இரு புறமும் ஒவ்வொன்றாகப் பால்நிறத்தில் இரண்டு கற்கள். ஒரு பக்கம் வழவழப்பு. மறு பக்கம் புடைப்பு. குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் வேகாது. பல்லில் பட்டால் நறுக்கென்று தெரியும். புறச்செவி இல்லாத மீனுக்கு இவையே செவிக்கற்கள். ஒலியலை மீனின் உடலூடே பாயும்போது, சதையைவிடக் கனத்த இக்கற்கள் சற்றே பின்தங்கி அசைகின்றன. அந்தப் பின்தங்கலை நுண்மயிர்கள் உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றன. மீன் வளர வளரக் கல்லும் படலம் படலமாக வளர்கிறது. அதைக் குறுக்கே அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டுவளையம் போல வளையங்கள் தெரியும். மீனின் அகவையை ஆய்வாளர்கள் அவற்றை எண்ணிக் கணிக்கிறார்கள். கல்லின் பொருள் அரகோனைட்டு என்னும் சுண்ணாம்புப் படிகம். முத்தின் பொருளும் அதுவே.

நம் தலைக்குள்ளும் அதன் உறவுப்பொருள் இருக்கிறது. நம் எலும்பும் பல்லும் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. கால்சியம் கார்பனேட்டு, அதாவது சுண்ணாம்புக் கல்லின் பொருள், நலமான மனித உடலில் தனிப் படிகமாக அமைந்திருக்கும் இடம் உட்செவி. மணலினும் நுண்ணிய அப்படிகங்கள் ஒரு பசைப்படலத்தின் மேல் பரவிக் கிடக்கின்றன. நாம் தலை சாய்த்தால் அவையும் சாய்கின்றன. கண்ணை மூடியிருந்தாலும் எது மேல், எது கீழ் என்று நமக்குத் தெரிவது அவற்றால்தான். முதுமையிலோ தலையில் அடிபட்டபோதோ சில படிகங்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். படுக்கையில் புரண்டதும் வீடே சுழல்கிறது என்று பெரியவர்கள் சொல்லும் தலைச்சுற்றலில் ஒரு வகை இதனால் வருவது. மருத்துவர் தலையை முறையாகத் திருப்பித் திருப்பிச் சாய்த்தே அப்படிகங்களைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடுவார். பெரும்பாலும் மருந்து தேவைப்படுவதில்லை.

முத்துக்குளித்துறை என்று உலகம் அறிந்த இந்தத் தூத்துக்குடிக் கரையின் வியப்புகளை நினைக்குந்தோறும், அவை மிக எளிய இரு பொருள்களில் போய் முடிவதைக் காண்கிறேன். ஒன்று உப்பு, மற்றொன்று சுண்ணாம்பு. இரண்டும் ஏழை வீட்டு அடுக்களையிலும் இருப்பவை. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது கடலடியில் மனிதன் அடக்கிய மூச்சு. முத்தைப் பாடியவர்கள் பலர். அந்த மூச்சைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

முதலில் சுண்ணாம்பு. சிப்பியைச் சூளையில் சுட்டால் கரிவளி வெளியேறி நீறு மிஞ்சுகிறது. நீரில் குழைத்துச் சுவரில் பூசிய நீறு, காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் சில கிழமைகளில் எய்தும் பொருளும், மணமகளின் கழுத்து முத்தின் பொருளும் வேதியியல் கணக்கில் ஒன்றுதான். சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பம் செய்வோர் முத்தை நீற்றிச் சுண்ணமாக்குவதும் இவ்வுறவை நினைவூட்டும்.

பொருள் ஒன்றாயினும் சுவருக்கு இல்லாத ஒளி முத்துக்கு எங்கிருந்து வந்தது? கட்டுமானத்திலிருந்து வந்தது. முத்துச்சிப்பியின் உள்முகத்தில் மின்னும் படலத்தை நுண்ணோக்கியில் கண்டால், ஓடு வேய்ந்தாற்போலத் தட்டைப் படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு தட்டின் தடிப்பும் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் 2000 அடுக்குகள் அடங்கும். தட்டுகளுக்கிடையே புரதப் பசை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் தட்டின் தடிப்பும் ஒரே அளவையை ஒட்டியவை. ஆகவே ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் நிறங்களைப் பிரிக்கின்றன. முத்தில் நிறப்பொருள் சிறிதளவே. நாம் காணும் வண்ணத்தின் பெரும்பகுதி ஒளியின் வினை. இவ்வினையை ஆராய்ந்தோருள் சர் சி.வி. இராமனும் ஒருவர், 1930களில் பெங்களூரில் சிப்பிகளின் ஒளிர்வண்ணம் பற்றி அவர் ஆய்வுரைகள் எழுதினார்.

அந்த அடுக்கு வலிமையையும் தருகிறது. வெறும் அரகோனைட்டுப் படிகம் எளிதில் உடையும். பசையும் தட்டும் மாறி மாறி வந்த சிப்பிப் படலம் உடைவதற்கு அதைப்போல் ஏறத்தாழ 3000 மடங்கு ஆற்றலை வாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விரிசல் ஒன்று தோன்றினால் அது நேரே ஓட வழியில்லை. ஒவ்வொரு தட்டையும் சுற்றிச் சுற்றி வளைந்து செல்ல வேண்டும்.

வீட்டில் முத்துமாலை வைத்திருப்போருக்கு இதில் பயனுள்ள செய்தி உண்டு. முத்தை முன்பல்லில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். தட்டுகளின் விளிம்புகள் பட்டு நுண்மணல் போல் நறநறக்கும். கண்ணாடிப் போலி வழுக்கும். சிப்பித் துண்டின்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரை பொங்கும்; புளிப்புப் பட்ட சுண்ணாம்பு கரிவளியை விடுகிறது. வியர்வையிலும் மெல்லிய புளிப்பு உண்டு. எனவே முத்தைக் கடைசியாக அணிந்து முதலில் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து வையுங்கள்.

இனி, முத்து எப்படிப் பிறக்கிறது? மணல் விழுந்து முத்தாயிற்று என்பது பள்ளிப் பருவம் முதல் நாம் கேட்ட செய்தி. மணலடியிலும் பாறையிலும் வாழும் சிப்பி நாள்தோறும் மணலோடு பழகுகிறது. உள்ளே வந்த மணலை வெளியே தள்ளவும் அதற்குத் தெரியும். ஓடு சுரக்கும் வேலை, சிப்பியின் உடலைப் போர்த்திய மெல்லிய சதைப்போர்வையின் மேற்புற உயிரணுக்களுக்கு உரியது. ஒட்டுண்ணி துளைத்தோ காயம் பட்டோ அவ்வுயிரணுக்களில் சில சதைக்குள் தள்ளப்பட்டால், அங்கே அவை பெருகி ஒரு பையாகின்றன. ஓடு சுரக்கும் தம் தொழிலை அவை மறப்பதில்லை. வெளியே தட்டையாக விரிந்திருக்க வேண்டிய ஓடு பைக்குள் உருண்டையாகிறது. இதுவே இயற்கை முத்து. காயத்தைச் சுற்றி வளர்ந்த ஓடு.

1902இல் இலங்கைக் கரைக்கு வந்த பேராசிரியர் எர்டுமனும் அவருடன் உழைத்த சேம்சு ஓர்னெலும் மன்னார் வளைகுடாச் சிப்பிகளின் சதையில் நாடாப்புழுவின் இளவுயிர்களைக் கண்டு, முத்துக்கு அவையே வித்து என்று எழுதினார்கள். புழுவைவிட உயிரணுப் பையே முதன்மை என்று பின்வந்தோர் தெளிவுபடுத்தினர். வளர்ப்பு முத்தும் அந்த உயிரணுப் பையின் வினைதான். ஒரு சிப்பியின் போர்வைத் துண்டையும் ஓட்டில் கடைந்த மணியையும் மற்றொரு சிப்பியின் உடலுக்குள் வைத்தால், துண்டு பையாகி மணியின்மேல் முத்தொளியைப் பூசும். முத்தின் நிறம் பெரிதும் துண்டு கொடுத்த சிப்பியைப் பொறுத்தது. சுமந்த சிப்பி செவிலித்தாய் மட்டுமே. 1973இல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் அழகர்சாமி இம்முறையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கினார். 1981இல் தூத்துக்குடி ஆய்வகத்திலேயே முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கவும் வழி கண்டார்கள். நம் பாடநூல்கள் வளர்ப்பு முத்துக்குப் பெயர்பெற்ற சப்பானின் மிக்கிமோட்டோவைச் சொல்லும் இடத்தில் வேப்பலோடைக்கும் ஒரு பத்தி கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிப்பியின் வாழ்வும் வியப்புக்குரியது. இளமையில் ஆணாயிருந்தது பின்னர்ப் பெண்ணாக மாறுவதுண்டு. முட்டையிலிருந்து வந்த இளவுயிர் ஏறத்தாழ மூன்று கிழமை நீரோட்டத்தில் மிதந்து, பிறகே அடியிலுள்ள பாறையில் நூல் விட்டுப் பற்றிக்கொள்கிறது. மிதக்கும் நாளில் நீரோட்டம் எங்கே கொண்டு சேர்க்குமோ, அங்கேதான் அடுத்த தலைமுறை. சிப்பிகள் செறிந்த கடலடித் திட்டுகளான முத்துப்பார்கள் ஓராண்டு நிறைந்து, மறு ஆண்டு வெறுமையாகி, மக்களைக் கலங்கவைத்ததற்கு இது ஒரு காரணம். பற்றியபின்னும் திருக்கையும் கிளாத்தியும் ஓட்டை உடைத்துத் தின்னும். சூரன் என்று இக்கரையோர் அழைக்கும் சிறு மட்டி, பாய் விரித்தாற்போலப் படர்ந்து சிப்பிகளை மூச்சடைக்கச் செய்யும்.

சுண்ணாம்பால் ஆன சங்கைப் பற்றியும் இரண்டே செய்தி. காதில் வைத்தால் கேட்பது கடலின் ஒலி என்பர் சிலர். நம் குருதியோட்டம் என்பர் சிலர். இரண்டும் இல்லை. சுற்றுப்புறத்து ஓசைகளில் தன் உட்குழிவுக்கு இசைந்தவற்றைச் சங்கு பெருக்கித் தருகிறது. ஓசை புகாத அறையில் அது ஊமையாகிவிடும். மற்றொன்று வலம்புரி. மேலை அறிவியலார் சங்கின் கூர்முனையை மேலே வைத்து வாய் எப்பக்கம் என்று பார்ப்பார்கள். நம்மவர் முனையைக் கீழே வைத்துப் பார்ப்பார்கள். ஆகவே நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கு அவர்கள் ஏட்டில் இடஞ்சுழி. இருவர் சொல்வதும் சரி. பிடித்த விதம் வேறு.

இப்போது மூச்சு. தூத்துக்குடியை அடுத்த முத்துப்பார்களுள் பெயர்பெற்றது தொலாயிரம் பார். பார்கள் பெரும்பாலும் ஐந்தாறு பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் கிடப்பவை; பாகம் என்பது இரு கை விரித்த நீளம். குளியாள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் பதித்து இறங்குவார். அது கடலடியில் அவரைச் சேர்த்ததும், மேலிருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். சிப்பியைக் கூடையில் வாரியதும் கயிற்றை ஆட்டினால் ஆளையும் கூடையையும் தூக்க வேண்டும். எல்லாம் ஒரு நிமிட அளவில் முடிய வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனரிடம் கொடுப்பதே வழக்கம் என்று இக்கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் மச்சான் கண்ணயர மாட்டார்.

கல் எதற்கு? நீந்தி இறங்கினால் தசைகள் உயிர்வளியைத் தின்றுவிடும். கல்லோடு இறங்கினால் அவ்வுயிர்வளி கடலடி வேலைக்கு மிஞ்சும். நீரில் முகம் நனைந்து மூச்சு நின்ற அக்கணமே உடல் தானாக ஒரு சிக்கன ஆட்சியைத் தொடங்குகிறது. நெற்றியிலும் மூக்கைச் சுற்றியும் உள்ள நரம்பு முனைகள் குளிர்ச்சியை அறிவிக்க, நெஞ்சத்துடிப்பு தளர்கிறது. கை கால்களுக்குப் போகும் குருதிக்குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் நெஞ்சுக்கும் குருதி மிச்சமாகிறது. மண்ணீரல் சுருங்கித் தன்னுள் சேர்த்து வைத்த சிவப்பணுக்களைக் குருதியில் கலக்கிறது. கடல்நாய்க்கும் திமிங்கிலத்துக்கும் உரிய இவ்வேற்பாடு, கடலையே காணாத மனிதனின் உடலிலும் இருக்கிறது. இந்தோனேசியக் கடலில் தலைமுறை தலைமுறையாக மூழ்கி வாழும் பயாவு மக்களின் மண்ணீரல், அண்டை ஊராரின் மண்ணீரலைவிட ஏறத்தாழ பாதி மடங்கு பெரிது என்று 2018இல் கண்டறிந்தார்கள்.

பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. ஆறு லிட்டர் காற்றோடு இறங்கியவரின் நுரையீரலில் அது மூன்று லிட்டராகச் சுருங்கும். இருபது மீட்டரில் இரண்டு லிட்டர். முதலில் நோவது செவி. இரண்டு மூன்று மீட்டரிலேயே செவிப்பறை உள்நோக்கி அமுங்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடிய வாயோடு ஊதினால் தொண்டையிலிருந்து செவிக்குச் செல்லும் குழல் திறந்து அழுத்தம் சமமாகும். இம்முறைக்கு இத்தாலிய மருத்துவர் வல்சால்வாவின் பெயரை உலகம் வைத்திருக்கிறது. அவர் நூல் 1704இல் வந்தது. மூழ்கிப் பிழைத்த மக்களுக்கு அது அதற்கும் பன்னூறு ஆண்டு முற்பட்ட தொழிலறிவு.

கண்ணாடி அணியாத கண்ணுக்குக் கடலடி மங்கலாகவே தெரியும். ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கண்ணின் முன்படலம். காற்றுக்கும் அதற்கும் உள்ள ஒளிவிலகல் வேறுபாட்டால் அவ்வேலை நடக்கிறது; நீருக்குள் அவ்வேறுபாடு ஏறத்தாழ இல்லாது போகிறது. நிறமும் மாறும். சிவப்பொளியை நீர் முதலில் விழுங்கிவிடுவதால், சிப்பியின் கூர்விளிம்பு கையைக் கிழித்தாலும் ஆழத்தில் குருதி கரும்பச்சையாகத் தெரியும்.

எல்லாவற்றிலும் அறிய வேண்டியது மூச்சுத் தவிப்பின் காரணம். உயிர்வளி குறைவதால் தவிக்கிறோம் என்றே பலரும் எண்ணுகிறோம். தவிப்பைத் தூண்டுவது பெரிதும் கரிவளியின் பெருக்கம். இறங்குமுன் பலமுறை வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரிவளி வெளியேறிவிடும். எச்சரிக்கை மணி அடிக்கும் முன்பே உயிர்வளி தீர்ந்து, தவிப்பே இல்லாமல் நினைவு தப்பும். கிணற்றிலும் குளத்திலும் மூச்சடக்கப் பந்தயம் போடும் இளைஞர்களுக்கு இதை ஒவ்வொரு பெற்றோரும் சொல்ல வேண்டும். கயிறு பிடிக்க மேலே ஒருவர் இல்லாமல் இக்கரையோர் மூழ்கியதில்லை.

இம்மூச்சுத் தொழில் மிகப் பழையது. கிரேக்க மொழியில் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்ளூசு என்னும் கடல்வழி ஏடு, இக்கரையின் பழந்துறையான கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளே முத்துக்குளிக்க ஏவப்பட்டதாகக் குறிக்கிறது. அந்தக் கொற்கை இன்று பொருநை ஆறு கொணர்ந்த வண்டலால் கடலைவிட்டு உள்ளே தள்ளி நிற்கிறது.

கரையேறினால் உப்பளம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். அதில் சோற்றுப்பு 27 கிராம் அளவு. நீர் காய்ந்து இறுக இறுக முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்துச் சிப்சம், அதன் பிறகே பாத்தியில் உப்பு பூக்கும். உப்பும் சுண்ணாம்பும் ஒரே நீரில் கலந்திருந்து வெயிலில் தனித்தனியே பிரிவதை இங்கே கண்ணாரக் காணலாம். பாத்தியில் எடுத்த ஒரு கல்லுப்பை உருப்பெருக்கியில் பாருங்கள்: ஒவ்வொரு முகமும் சதுரம், சதுரத்துக்குள் படி இறங்கினாற்போலச் சதுரம்.

நம் குருதியில் உப்பு நூற்றுக்கு ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கடலில் மூன்றரைப் பங்கு. ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற நம் சிறுநீரகத்துக்கு ஒரு லிட்டருக்கும் மிகுந்த நீர் வேண்டும். குடித்தவர் மேலும் வறள்வார். கடற்காக்கைக்கும் கடலாமைக்கும் அத்துன்பம் இல்லை. கடற்காக்கையின் கண்ணுக்கு மேலுள்ள சுரப்பி மிகையுப்பைப் பிரித்து அலகு வழியே சொட்டவிடும். கரையேறிய ஆமை கண்ணீர் விடுவதும் உப்பை நீக்குவதே.

உப்பளத்தில் உச்சி வெயிலில் உப்பு வாரும் பெண்ணின் காலடியில் குவியல் குவியலாக உப்பு. அவர் உடலோ வியர்வையில் உப்பை இழந்துகொண்டிருக்கும். வெறும் நீர் அவ்விழப்பை ஈடு செய்யாது. உப்பிட்ட நீராகாரமோ கஞ்சியோ ஈடு செய்யும். சோற்றின் மாவு குடலில் சர்க்கரையாகி உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்கிறது. இரண்டின் பின்னால் நீரும் போகிறது. இந்தக் கூட்டு வழியை 1960இல் இராபர்ட்டு கிரேன் என்னும் அறிஞர் விளக்கினார். வயிற்றுப்போக்குக்கு இன்று கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் அதன்மேல் எழுந்தது.

இறுகிய உப்புநீர் சில நாள்களில் செந்நிறம் கொள்வதையும் பார்த்திருப்பீர்கள். அது நுண்பாசிகளும் உப்பில் வாழும் நுண்ணுயிர்களும் சேர்த்த கரோட்டின் நிறம். ஆர்ட்டீமியா என்னும் உப்பளச் சிற்றுயிர் அப்பாசியைத் தின்னும். தூத்துக்குடி அளங்களுக்கே உரிய ஆர்ட்டீமியா இனத்தில் ஆண் துணையின்றிப் பெண்களே பெண்களை ஈனுகின்றன. அவற்றின் முட்டைக்கூடுகள் நீரின்றி ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடந்தாலும் மழை வந்ததும் உயிர்க்கும். ஆர்ட்டீமியாவைத் தின்று பூநாரை சிவக்கிறது. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்தான்.

சுண்ணாம்பின்மேல் நாம் கொண்ட வேட்கைக்கு இக்கரை ஒரு விலையும் கொடுத்தது. கடலடியிலிருந்து பவளப்பாறையை வெட்டிச் சூளைக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டு ஏற்றினார்கள். அலை தடுத்த பாறை போயிற்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில், விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இன்று நீருக்குள்.

முத்துக்குளிப்பும் ஓய்ந்தது. 1955 முதல் நடந்து வந்து 1961இல் நின்றதே இக்கரையின் கடைசி முத்துக்குளிப்பு. அவ்வாண்டில் இருபது அகவையில் கல்லோடு இறங்கியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். எத்தனை பாகத்தில் செவி நொந்தது, எப்படி அதைத் தீர்த்தார்கள், மூச்சு முட்டும் முன் உடல் என்ன சொன்னது, எந்தப் பார் எந்தக் காற்றில் தெளிந்தது என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கும் அறிவு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தா இருந்தால், இந்தக் கிழமையே அவர் அருகில் அமர்ந்து, அவர் சொல்லும் சொல்லிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.